ஆகாது

அந்தத் தெருவில் பிறந்தநாள் கொண்டாடிய எல்லாக் குழந்தைகளும் மாஸ்டர் கையால் செய்த கேக்கைத் தின்றிருக்கின்றன, அவருடைய சொந்தக் குழந்தையைத் தவிர. இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்தது தப்போ என்று பிறகு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் மாவு படிந்திருக்கும், அதனால் ஒன்றும் தெரியாது.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. பேக்கரி அடுப்படிக்கு வந்த வருஷமே அது காணாமல் போனது. முதலாளிக்கு அவர் மாஸ்டர், வாடிக்கையாளர்களுக்கு மாஸ்டர், தபால்காரருக்கும் மாஸ்டர். கல்யாணமான புதிதில் மனைவியே ஒருமுறை வாய்தவறி "மாஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆகவே பெயர் மாறுவதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் கடைசியாக ஒரு பெயர் வந்து சேர்ந்ததே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மனைவிக்கு பஸ் டிக்கெட் முன்பதிவுக் கவுண்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க "சீட் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். அழுதாலும் இல்லை, அதட்டினாலும் இல்லை, மந்திரிக்குச் சொந்தம் என்றாலும் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் மறுப்பதற்கு அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமை வீட்டுக்கும் உதவும் என்று அப்போது அவளே நினைத்திருக்கமாட்டாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் மாதமே கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று சிவந்தன. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். "என்னா கலரு! தக்காளி மாதிரில்ல இருக்கா!" என்றாள் மேல்வீட்டு அக்கா. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தக்காளி சிரித்தாள், தக்காளி குப்புற விழுந்தாள் என்று வீடு முழுக்க அதே பேச்சு. ஊரே மெச்சிய அந்த நிறம்தான் நோயின் முதல் அறிகுறி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண் பட்டுவிடுமோ என்று மட்டும் எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

மூன்றாம் மாதத்தில் கன்னம் வெடித்து நீர் வடிந்தது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்புறம் என்று மடிப்பு கண்ட இடமெல்லாம் தோல் உரிந்து புண்ணானது. சொறியக் கை எட்டாத வயசு, அதனால் தலையைப் பாயில் இப்படியும் அப்படியும் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துப் பின்னந்தலையில் முடியே போய்விட்டது. சிவப்பைப் பார்த்துச் சொக்கியவர்கள் இப்போது எட்டி நின்று பார்த்தார்கள். "ஒட்டிக்குமா?" என்று ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டே கேட்டாள். ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி மாஸ்டர் மனைவிக்கு வாய் வலித்தது.

வீட்டுக்குள் கால் வைத்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். எண்ணெய் தேய் என்றார் ஒருவர். எண்ணெய் பக்கமே போகாதே என்றார் அவர் கூட வந்தவர். வெயிலில் போடு என்றாள் மேல்வீட்டு அக்கா, காற்றுகூடப் படக்கூடாது என்றாள் அவள் தங்கை. எல்லோர் பேச்சையும் கேட்டிருந்தால் பிள்ளையை ஒரே சமயத்தில் மாடியில் காயவைக்கவும் இருட்டறையில் ஊறவைக்கவும் வேண்டியிருக்கும்.

இந்த வைத்தியர்களில் தலைமை வைத்தியர் மச்சான். மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிக்க, பக்கத்து இருக்கையில் இவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கால் எப்போதும் அதன்மேலேயே இருக்கும். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

"எல்லாம் பழக்கம்தான் மாப்பிள்ளை. நாமெல்லாம் மண்ணைத் தின்னு வளரலையா? இப்ப பாருங்க, கல்லுக்குண்டு மாதிரி இருக்கோம்."

"மண்ணு பரவாயில்ல மச்சான். இது வேற."

"என்ன வேற? கொஞ்சம் கொஞ்சமா பழக்கினா யானையே கார் ஓட்டும்."

ஆறேழு மாதம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் தத்துவத்தைச் செய்தே காட்டினார். டீயில் நனைத்த வெண்ணெய் பிஸ்கட்டிலிருந்து ஒரு பொட்டு, நெற்றியில் வைக்கும் பொட்டு அளவுதான், தக்காளியின் உதட்டில் வைத்தார். அவள் சப்புக் கொட்டினாள். "பாத்தீங்களா, ருசிக்குது!" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் உதடு தடித்தது. கண்ணிமை வீங்கி மூடியது. மார்பெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பியது. இருமல் வந்தது. அந்த இருமலில் ஒரு விசில் சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததை அந்தத் தெருவே பார்த்தது. வேகம் குறை, கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு என்று ஆயிரம் பேருக்கு உபதேசம் செய்த மச்சான், பின்னால் 'பழகுநர்' பலகை மாட்டிய அந்தக் காரை ஒரு சிக்னலையும் மதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பக்கத்து இருக்கையிலிருந்த மாஸ்டர் தன் காலடியில் இருந்த பிரேக்கை ஒருமுறைகூடத் தொடவில்லை. ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தது. மச்சான் ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அன்றிலிருந்து உபதேசத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முழுதாக நிறுத்துவது அவரால் முடியாத காரியம்.

அந்த பிஸ்கட் மாஸ்டர் செய்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அவருக்கு அது அதிகமாகக் குத்தியது.

தோல் ஆறிய ஒரு நாளில் டாக்டரம்மா சோதனை செய்தார். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் சொட்டுச் சொட்டாக மருந்துநீர் வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாக ஊசி நுனியால் கீறினார். எது ஆகாதோ அந்த இடம் உப்பும் என்றார். தட்டில் வரிசையாக வைத்த பன் உப்புவதைக் காலமெல்லாம் ரசித்துப் பார்த்த மனிதர், இதில் ஒன்றாவது உப்பாமல் இருக்கட்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டார். எல்லாம் பொங்கி வந்தன.

"பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை. நாலும் ஆகாது" என்றார் டாக்டரம்மா. "தக்காளி பட்டாலும் தோல் எரியும். அதையும் இப்போதைக்குத் தள்ளி வைங்க."

தக்காளிக்குத் தக்காளியே ஆகாது. மாஸ்டர் மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமிச் சமாளித்தாள்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பேக்கரியில மாஸ்டர், டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எந்த பேக்கரி?"

சொன்னார்.

"அட, அந்த பன் நீங்க போடறதா! எங்க வீட்ல அது இல்லாம காலையில ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க." டாக்டரம்மா முகம் மலர்ந்தது. உடனே, இது மலர வேண்டிய நேரமில்லை என்று நினைவு வந்து கூம்பியது. "சரி. குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி குளிச்சிடணும். தலையும் சேர்த்து. வேலைத்துணி வீட்டுக்குள்ள வரக்கூடாது. தோல் புண்ணா இருக்கில்ல, உங்க கையில இருக்கிற மாவு, பாலு எல்லாம் அதுல பட்டாலே தடிச்சுக்கும்."

"முத்தம்...?"

"வாயைக் கழுவிட்டு. பால் டீ குடிச்சிருந்தீங்கன்னா வேணாம்."

மாஸ்டர் அன்றே டீயை விட்டார். சிகரெட்டை விடச் சொல்லிப் பத்து வருஷம் கெஞ்சிய மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நம் பாஷையில் 'ஆகாது' என்ற சொல் பொல்லாத சொல். முட்டை ஆகாது என்றால் தடிப்பு வரும். அண்ணன் தம்பிக்குள் ஆகாது என்றால் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் காரியம் ஆகாது என்றால் வீட்டுக்குப் போய்ப் படு என்று அர்த்தம். மாஸ்டர் வீட்டில் இந்த ஒரு சொல்லை வைத்தே குடித்தனம் நடந்தது. விருந்தாளி கொண்டுவந்த பொட்டலம் ஆகாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கடித்த பிஸ்கட் ஆகாது, நுரை பொங்கும் சோப்பு ஆகாது, கம்பளி ஆகாது, பூனை ஆகாது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஊரில் சந்தோஷமாகச் சொல்வார்கள். இந்த வீட்டில் அப்படி விழுந்தால் பழத்தையும் சேர்த்துக் கொட்ட வேண்டும். கவுண்டரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்த மனைவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைக் காத்தாள். யாராக இருந்தாலும் அதே முகம், அதே குரல். சீட் இல்லை.

யாருக்கும் விலக்கு கிடையாது, மாஸ்டருக்கும்தான். மத்தியானம் பேக்கரி வேலை முடிந்து அவர் வாசலுக்கு வருவார். செருப்புச் சத்தம் கேட்டதுமே பாயில் உட்கார்ந்திருக்கும் தக்காளி இரண்டு கையையும் நீட்டுவாள். சொறியாமல் இருக்கப் போட்ட துணி உறைக்குள் விரல்கள் துள்ளும். அவர் முகம் இளகும். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டும்.

"ஆகாது! ஆகாது! முதல்ல குளிங்க!"

கால் திரும்பி வெளியே போகும். பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் துணியை வாளியில் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நகக்கண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து, வாய் கொப்பளித்து, பெட்டியிலிருந்து தனி வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார். அதற்குள் சில நாள் பிள்ளை அழுது தூங்கியிருக்கும். தூங்கும் பிள்ளையை எழுப்புவதும் ஆகாது.

தினமும் மத்தியானம் தெருவுக்கே கேட்கும்படி "ஆகாது" என்ற சத்தமும், மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்பக்கம் நடப்பதும் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? மாஸ்டருக்கும் அவர் பொண்டாட்டிக்கும் ஆகாதாம், வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறாளாம் என்று பேச்சு கிளம்பியது. மேல்வீட்டு அக்கா சமாதானம் செய்துவைக்கவே ஒருநாள் வந்துவிட்டாள்.

"ஆயிரம் இருந்தாலும் புருஷன் இல்லியா? வாசல்ல நிக்கவச்சு இப்படிக் கத்தலாமா?"

"அவரு எனக்கு ஆகும்க்கா. அவரு கைதான் பிள்ளைக்கு ஆகாது."

அக்காவுக்குப் புரியவில்லை. பேச்சு என்னவோ அடுத்த வாரம் இன்னும் சுவாரசியமாகப் பரவியது.

ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி அவரிடம் தோற்றாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்த கையோடு, கெட்டியான களிம்பை உடம்பு முழுக்கத் தடவ வேண்டும். அவள் தடவினால் ஒரு மடிப்பாவது விட்டுப்போகும். மாஸ்டர் தடவினால் போகாது. கேக் டின்னுக்கு எண்ணெய் தடவித் தடவிப் பழகிய விரல், மூலை முடுக்கெல்லாம் சமமாகப் பரவும். அவர் கைக்குள் இருக்கும்போது தக்காளி சொறிய மறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒரேயொரு தொந்தரவு. தடவி முடித்ததும் அவருடைய இடது கை தானாக ஒருபுறம் நீண்டு எதையோ தேடும். டின்னில் எண்ணெய் தடவினால் அடுத்து அதில் மைதா தூவ வேண்டும், அப்போதுதான் கேக் ஒட்டாமல் வரும். பேக்கரி மேஜையில் அந்த இடத்தில்தான் மைதா டப்பா இருக்கும்.

"பிள்ளைக்கு மாவு தூவித் தட்டி உதறிடாதீங்க" என்று மனைவி சிரிப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே கையை மடக்கிக்கொள்வார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், மாவில் கிடந்த கைக்கு ஒருவரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

"வேலையை விட்டுடுங்க மாப்பிள்ளை. எங்க ஸ்கூல்ல சேர்ந்துடுங்க. கார்ல ஏதுங்க மைதா?" என்றார் மச்சான். பாதியாகக் குறைந்த உபதேசத்தில் இது ஒன்று. மாஸ்டர் நிஜமாகவே விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்தார். ஸ்டீரிங்கைப் பிடித்தவர் அதை அமுக்கினார், மடித்தார், பிசைந்தார். கார் மைதானத்தில் பாம்பாக நெளிந்தது. மச்சான் தன் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வீங்கிப்போய், "உங்களுக்கு அடுப்புதான் சரி" என்று தீர்ப்புச் சொன்னார். மாஸ்டர் ஏமாந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்த உவமையும் இப்போது வீட்டில் சொல்லக்கூடியதில்லை.

அவருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஊரெல்லாம் அவர் கையால் தின்கிறது. யார் யாருடைய பிள்ளைகளோ கன்னத்தில் க்ரீம் அப்பிக்கொண்டு கடைவாசலில் அவரைப் பார்த்துச் சிரிக்கின்றன. தன் பிள்ளையின் வாயில் தன் கையால் செய்தது ஒரு வாய், ஒரே ஒரு வாய் போக வேண்டும். முதல் பிறந்தநாள் வருவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார்.

"பாலு இல்லாம, முட்டை இல்லாம, மைதா இல்லாம கேக்கா?" என்றாள்.

"அரிசி மாவு, வாழைப்பழம், சர்க்கரை, தேங்காய் எண்ணெய். நாலும் அவ சாப்பிடறதுதானே? டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன்."

"எங்க வச்சு வேகவைப்பீங்க? பேக்கரியிலயா? அங்க காத்துலயே மைதா பறக்கும்."

"வார லீவுல. ஆள் இருக்க மாட்டாங்க. வெந்நீர் ஊத்திக் கழுவிடறேன். அடுப்பையும் கழுவறேன். பாத்திரம், கரண்டி, டின்னு எல்லாம் புதுசு."

"ஆகுமா?"

"ஆகும்."

அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அவள் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு இல்லாத சீட் ஒன்றைக் கொடுத்ததுபோல் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் கேக் வேகாமல் களியாக வந்தது. இரண்டாவது செங்கல். மச்சான் அதை மேஜையில் தட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, வீடு கட்டற எண்ணமா?" என்றார். போகப்போக உள்பக்கம் மெத்தென்று ஆனது, வாசனை வந்தது, ஆனால் டின் அதை விடுவேனா என்றது. கோதுமை மாவைப்போல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் பசை அரிசி மாவுக்கு ஏது? கவிழ்த்தால் பாதி கீழே வரும், பாதி மேலேயே தங்கும். அரிசி மாவையே தூவிப் பார்த்தார், அதுவும் சேர்ந்து ஒட்டியது. காகிதம் போட்டுப் பார்த்தார், கேக் காகிதத்தோடு உறவு கொண்டாடியது. எண்ணெயைக் கூட்டினால் பொரிந்தது. ஊரே பாராட்டும் மாஸ்டர், விடுமுறை நாளெல்லாம் காலிப் பேக்கரியில் உட்கார்ந்து உடைந்த கேக்கைத் தானே தின்றுகொண்டிருந்தார். ருசி நன்றாகத்தான் இருந்தது. உடைந்தாலும் பரவாயில்லை என்று மனைவி சொன்னாள். "பிறந்தநாள் கேக்கை யாராவது கரண்டியால அள்ளிக் கொடுப்பாங்களா?" என்று இவருக்குக் கோபம் வந்தது. கர்வம் என்பது மாவைப்போல, எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும்.

பிறந்தநாளும் விடுமுறை நாளும் ஒன்றாக வந்தன. காலையிலேயே பேக்கரியைத் திறந்து தரை, மேஜை, அடுப்பு எல்லாம் கழுவித் துடைத்தார். புதுப் பாத்திரத்தில் பழத்தைப் பிசைந்தார். மாவு அவர் சொன்னபடி கேட்டது. தக்காளியின் தோல் அந்த வாரம் நன்றாக ஆறியிருந்தது. கன்னம் முதல் முறையாகக் கன்னத்தின் நிறத்தில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதையும், முதல் வாயை ருசி பார்ப்பதையும் நினைத்தபடி வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். மனசு வீட்டில் இருந்தது, கை வேலையைப் பார்த்துக்கொண்டது. வெந்ததும் டின்னை அப்படியே மூடி, புதுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பேக்கரிக் காற்றுகூடப் படக்கூடாது என்பதால் கவிழ்ப்பதை வீட்டில் வைத்துக்கொண்டார்.

வழக்கப்படி வாசலில் "ஆகாது" கேட்டது. வழக்கப்படி குளித்தார். கூடத்தில் மச்சான் இருந்தார், மேல்வீட்டு அக்கா இருந்தாள். ஆகாது என்ற பேச்சு பொய்யா நிஜமா என்று நேரில் பார்க்க அவளுக்கும் ஒரு சந்தர்ப்பம். தக்காளி புதுப் பருத்திச் சட்டையில் அம்மா மடியில் இருந்தாள். ஒரு வயது ஆகியும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்பாளா அப்பா என்பாளா என்று இருவருக்கும் பல மாதமாக உள்ளூரப் போட்டி.

மாஸ்டர் தட்டை டின்னின் மேல் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தார். டின்னைத் தூக்கினார்.

கேக் முழுசாக வந்து நின்றது. ஒரு பொடி உதிரவில்லை, ஓரம் கிள்ளினாற்போல்கூட ஒரு குறை இல்லை. மச்சான் கை தட்டினார். "மாஸ்டர்னா மாஸ்டர்தான்யா!" அக்கா எட்டிப் பார்த்து, "அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!" என்றாள். மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. தொழிலில் இத்தனை வருஷத்தில் இதைவிட அழகாக ஒரு கேக் கழன்றதில்லை என்று தோன்றியது.

ஓரத்தைக் கிள்ளி, விரலில் நசுக்கி, ஊதி ஆறவைத்து, மனைவி பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். குருவிக்குஞ்சுபோல் வாய் திறந்தது.

ஒட்டவில்லையே, என்று நினைத்தார் மாஸ்டர்.

ஏன் ஒட்டவில்லை?

விரல் தானாகப் போய் கேக்கின் பக்கத்தைத் தொட்டது. மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம். கட்டைவிரலில் வைத்து உருட்டினார். அரிசி மாவு என்றால் நறநறக்கும். இது பட்டுப்போல் வழுக்கியது. இடது கைக்கு எட்டும் இடத்தில், கழுவித் துடைத்த மேஜையில், எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்த டப்பா கண்முன் வந்தது.

"ஆகாது!"

வீடு அதிர்ந்தது. இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. மச்சானின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது, பிரேக் இருக்கும் இடத்தில். மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. விரலிலிருந்து கேக் துண்டு தரையில் விழுந்தது. உதட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்திருக்கும்.

"மைதா தூவிட்டேன்" என்றார். "எண்ணெய் தடவினேன்ல... தூவிட்டேன்போல. நான் தூவலை. கை தூவிடுச்சு."

மனைவி எழுந்து பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். தன் விரலைத் தண்ணீரில் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். நாளெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிப் பழகியவள், ஒரு தடவை ஆகும் என்று நம்பியதற்கு இது பரிசு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் அந்த அழகான கேக்கை இரண்டு கையாலும் அள்ளினார், பிசைந்தார், உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். பிசையும்போது அழுதார். மகளைத் தன் கையாலேயே கொன்றிருப்பேன் என்ற பயம் அப்போதுதான் முழுசாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தக்காளி சிரித்தாள். அப்பா ஊரதிரக் கத்தியது அவளுக்கு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ. அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டினாள்.

"ஆவாது" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆவாது! ஆவாது!" துணி உறைக்குள் விரல்கள் துள்ளின.

"என்ன சொல்றா?" என்றார் மச்சான். "வேணாங்கறாளா? அவளுக்கே தெரிஞ்சுபோச்சா?"

மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், அது பார்க்கும் திசையைப் பார்த்தாள். தினமும் மத்தியானம் செருப்புச் சத்தம், வாசலில் அவர் முகம், உடனே தன் குரல். மாதக்கணக்காக ஒரு நாள் தவறாமல். அவளுக்கு விளங்கிவிட்டது. போட்டியில் தோற்ற வருத்தம்கூட அவளுக்கு வரவில்லை.

"உங்களைத்தாங்க கூப்பிடுறா" என்றாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "நீங்க வந்து நிக்கறப்பல்லாம் நான் அதைத்தானே கத்தறேன். அதுதான் உங்க பேருன்னு நினைச்சிருக்கா."

மாஸ்டர் ஓரடி எடுத்து வைத்தார். நின்றார். கையைப் பார்த்தார். விரலெல்லாம் கேக், நகக்கண்ணெல்லாம் மைதா. அப்படியே திரும்பிப் பின்பக்கம் நடந்தார். மேல்வீட்டு அக்கா முதல் முறையாக ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டாள்.

குளியலறைக் கதவுக்கு வெளியே குரல் விடாமல் கூப்பிட்டது. ஆவாது, ஆவாது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே, ஒவ்வொரு தடவைக்கும் உள்ளேயிருந்து அவர் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன்மா. இதோ வந்துட்டேன்."